கலைவாணி வைத்த முதல் மாலை

காலை ஏழு மணிக்குத் திருவண்ணாமலையில் டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணமில்லை, ஜன்னலோர இருக்கையும் கிடைத்தது; வேறென்ன வேண்டும். கீழ்பென்னாத்தூர் வரை வழியெல்லாம் நெல்லும் நிலக்கடலையும்தான். அங்கிருந்து கிராமத்துக்கு ஆட்டோ நூறு ரூபாய்.

"புது வேடியப்பன பாக்கவா வந்தீங்க?" என்றார் ஓட்டுநர்.

சண்டையில் இறந்த வீரனுக்குக் கல் நட்டு, வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். எல்லையில் இறந்துபோன ராணுவ வீரர் சிவக்குமாருக்கு இன்று கல் நடுகிறார்கள். அவருடைய மனைவி கலைவாணி என் கல்லூரித் தோழி.

எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். துப்பாக்கி ஏந்திய உருவம் செதுக்கிய கல்லுக்கு மஞ்சள் பூசியிருந்தார்கள். கலைவாணியோ தள்ளி, ஒரு டிராக்டருக்குப் பின்னால் நின்றாள்.

"மொத மாலையும் பொட்டும் சுமங்கலிங்கதான் வெக்கணுமாம். நான் கடைசியா வந்து கும்பிட்டுக்கணுமாம். என் புருஷன்டி அவரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியூர்க்காரி வாயைத் திறந்தால் வினை அவளுக்குத்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு ஒரு வேனில் சிவக்குமாரின் படைப்பிரிவிலிருந்து சுபேதாரும் சில வீரர்களும் வந்து இறங்கினார்கள். சுபேதார் மலர்வளையத்தோடு நேரே டிராக்டர் பக்கம் நடந்தார்.

"வாங்கம்மா. நீங்க வெச்சப்புறம்தான் நாங்க சல்யூட் அடிப்போம்."

"எங்க ஊர்ல அப்படி மொறை இல்லீங்க சார்" என்றார் பூசாரி.

"எங்க மொறையில அவங்கதாங்க மொதல்ல. எவ்ளோ பெரிய ஆபீசர் வந்தாலும் அவங்களுக்கு அப்புறம்தான்."

பூசாரி கல்லை வெகுநேரம் பார்த்தார். "இவரு பட்டாளத்து வேடியப்பன். அப்ப பட்டாளத்து மொறைதான் செல்லும்" என்று சொல்லி, குங்குமத் தட்டையும் அவரே அவளிடம் நீட்டினார்.

கலைவாணி மலர்வளையத்தை வைத்தாள். கல்லின் நெற்றியில் கட்டைவிரலால் அழுத்திப் பொட்டு வைத்தாள். வீரர்களின் பூட்ஸ்கள் ஒன்றாகத் தரையில் மோதின. நான் அழுதேன். பொங்கல் பானை ஓரமாக ஒதுங்கியிருந்த வெறும் நெற்றிப் பெண்கள் இருவர், ஒருவரையொருவர் பார்த்தபடி வந்து தட்டைத் தொட்டார்கள். பூசாரி தடுக்கவில்லை.

மதியம் திரும்பும் பஸ்ஸில் ஊருக்குப் போன் போட்டேன். அண்ணன் மகள் கல்யாணத்தில் பின்கட்டில் இருந்துகொள்கிறேன் என்று, அப்பா இறந்ததிலிருந்து விசேஷங்களில் ஒதுங்கியே நிற்கும் அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"அம்மா, குத்துவிளக்கு நீதான் ஏத்தற."

"நாலு பேரு என்னடி சொல்லுவாங்க?"

"பட்டாளத்து மொறைனு சொல்லிடலாம்."

"உங்கப்பா தாலுகா ஆபீஸ் கிளார்க்குடி" என்று சிரித்தார் அம்மா. பிறகு, எந்தப் புடவை கட்டிக்கொள்வது என்று கேட்டார்.