கயிற்றை விடாத காலை

எங்கள் தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் கிணற்றுத் தண்ணீருக்காகச் சண்டை முற்றியிருந்தது. அன்று காலை எங்கள் முரட்டுக் காளையைக் கட்டிச் சாய்த்து, புளியங்குடிக் கிழவர் ஒருவர் காயடித்துக்கொண்டிருந்தார். கயிற்றைப் பிடித்திருந்த என் வீட்டுக்காரர், தனியாக இருந்தால் கோழியைக்கூட விரட்டாதவர்.

எங்கள் தெரு ஆட்கள் நாலைந்து பேர் கம்போடு வந்தார்கள். "கீழத்தெருக்காரன் கிணத்துல நிக்கான். நீரு மாட்டப் பிடிச்சிக்கிட்டு நிக்கீரு! ஆம்பளதானவே?"

அவர் கழுத்து நரம்பு புடைத்தது, கயிறு தளர்ந்தது. எனக்கு ஏழாம் மாதம். ஆண்கள் முன்னால் வாய் திறக்காத நான், "கயித்த விட்டா மாடு பெரியவர மிதிச்சிரும்" என்றேன்.

கிழவர் நிமிராமல், "மாட்டுக்கு வைத்தியம் இருக்கு தாயி, இவுகளுக்குத்தான் இல்ல" என்றார்.

என் வீட்டுக்காரர் கயிற்றை இறுக்கினார். வந்தவர்கள் ஏசிக்கொண்டே போனார்கள். கிணற்றடியில் இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.