நாலு மூலை மஞ்சள்

மூன்று பழுப்பு உறைகள் கோரைப்பாயின் மேல் வரிசையாகக் கிடந்தன. ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த மாடி அறையின் ஜன்னல் வழியாகக் கடற்காற்று வந்து அவற்றின் ஓரங்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. ஒன்று இங்கிலாந்துக்கு, ஒன்று ஸ்காட்லாந்துக்கு, ஒன்று ஜெர்மனிக்கு. ஒவ்வொன்றிலும் என் பட்டச் சான்றின் நகல், என் பேராசிரியர் கொடுத்த நற்சான்று, தத்துவத்தில் டாக்டர் பட்டத்துக்காக நான் செய்ய நினைத்த ஆராய்ச்சியின் சுருக்கம். ஐரோப்பாவில் பெரிய யுத்தம் முடிந்து நான்கைந்து வருஷம் ஆகியிருந்தது. இடம் மட்டும் கிடைத்துவிட்டால் கப்பல் செலவையும் படிப்புச் செலவையும் ஒரு தர்ம ஸ்தாபனம் ஏற்கும் என்று பேராசிரியர் வாக்குக் கொடுத்திருந்தார். ஆக, என் எதிர்காலம் முழுவதும் அந்தப் பாயில் கிடந்தது. ரிஜிஸ்டர் தபாலுக்கு அரக்கு முத்திரை வைக்க வேண்டும், வீட்டில் அரக்கு தீர்ந்துவிட்டது என்று நான் கடைக்குப் போனேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். உறைகளைக் காவல் காக்கச் சொல்லி அக்காவிடம் விட்டுப் போனேன்.

அக்கா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். நைனாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் விஷ ஜுரத்தில் போய்ச் சேர்ந்தபின் என்னைப் படிக்க வைத்தது அவளும், துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அவள் புருஷனான மாமாவும்தான். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாய் மட்டும் ஏழு தெருவுக்குக் காணும். நான் எதைப் பற்றி ஆராயப் போகிறேன் என்று ஒருநாள் கேட்டாள். ஒரு காரியம் முன்னால் நடக்கிறது, இன்னொன்று பின்னால் நடக்கிறது; அதனாலேயே முன்னது பின்னதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியுமா என்பதுதான் என் கேள்வி என்று பொறுமையாக விளக்கினேன். அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அய்ய, காக்கா குந்திச்சு, பனம்பழம் வுழுந்துச்சு. இதுக்காடா கப்பலேறிப் போவணும்? எதிர்வூட்டு ஆயாவ கேட்டா சொல்லிடுமே." எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த வயதில் எனக்குக் கோபம் வராத விஷயம் என்று ஒன்று இருந்ததாக நினைவில்லை.

சீமைத் தபால் வாரத்துக்கு ஒருமுறை. பம்பாயில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் சென்னைக்கு வரும். போக மூன்று வாரம், வர மூன்று வாரம், நடுவில் அவர்கள் யோசிக்க எத்தனை வாரமோ, அது அவர்களுக்கே வெளிச்சம். தபால் ரயிலில் வருகிறது என்று எத்தனை முறை சொன்னாலும் அக்கா ஏற்கவில்லை. சீமை கடலுக்கு அந்தப் பக்கம். கடல் நம் வாசலில். அப்புறம் எதற்கு ரயில் என்பது அவள் கட்சி. துறைமுகத்தில் கப்பல் ஊதியதும் அடுப்படியிலிருந்து, "டேய், உன் லெட்டரு வந்துக்கினு கீது" என்று குரல் கொடுப்பாள். ரயில் என்று அவளுக்குப் பாடம் நடத்திய நானும் சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய் நிற்பேன். வெட்கக்கேடுதான், ஆனால் நின்றேன்.

அந்த மாதங்களை விழித்திருந்து கழித்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை. பகலில் திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. பையன்கள் வாய்ப்பாடு ஒப்பிப்பார்கள். நான் பெயர் தெரியாத ஏதோ ஒரு ஊரில், கல் பாவிய தெருவில், குடை பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருப்பேன். மாலையில் கரையோரமாகவே திரும்புவேன். காசிமேட்டில் கட்டுமரங்களைப் பிரித்துக் காயப்போட்டிருப்பார்கள். வலை உலர்த்தும் பெண்கள் என்னைப் பார்த்து, "வாத்தியாரே, வழி அப்டி" என்று கையைக் காட்டுவார்கள், நான் வலைமேல் நடக்காமல் இருக்க. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகும் நேரத்தில், தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களில் ஒவ்வொன்றாக விளக்கு ஏறும். நான் ஏற்கெனவே புறப்பட்டுவிட்டதாகவும், கரையில் நிற்பது வேறு யாரோ என்றும் தோன்றும். அந்த மயக்கம் எனக்குப் பிடித்திருந்தது. இடம் கிடைக்கும், கிடைக்காது என்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு மூன்றாவது ஊர் இருந்தது. நான் அங்கேதான் குடியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணூருக்கு ரயிலேறி உப்பளங்களைப் பார்க்கப் போவேன். வெயிலில் வெள்ளை வெள்ளையாக நிற்கும் உப்புக் குவியல்களைப் பனி என்று பாவித்துப் பழகிக்கொண்டிருந்தேன். ஒருமுறை அக்காவும் நான்கு வயது மகளைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். என் பாவனையைச் சொன்னதும் ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "இன்னா பனிடா இது, கரிக்குது" என்றாள். அன்று நானும் சிரித்துவிட்டேன். இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும். காரண காரியத்தை ஆராயப் புறப்பட்ட நான், தெருமுனையை அடைவதற்குள் டிராம் வந்தால் இடம் உண்டு, வராவிட்டால் இல்லை என்று பந்தயம் கட்டிக்கொண்டு நடந்தேன். டிராம் வராத நாட்களில் முனைக்கு முன்பே நின்று செருப்பைச் சரிசெய்வதுபோல் காத்திருப்பேன்.

ஏழாவது வாரம் இங்கிலாந்திலிருந்து பதில் வந்தது. கனமான உறை. என் காகிதங்களைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கூடவே ஒரு கடிதம்: தங்கள் ஆராய்ச்சித் திட்டம் பிறர் சொன்னதை நன்றாகத் தொகுத்துச் சொல்கிறது, தாங்கள் சொல்ல விரும்புவது என்ன என்பதுதான் எங்களுக்கு விளங்கவில்லை. அவ்வளவுதான். மூன்று முறை படித்தேன். உடம்பெல்லாம் எரிந்தது. அவர்கள் சொன்னது சரி என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்ததுதான் அந்த எரிச்சலுக்குக் காரணம். பிறகு காகிதங்களைப் பிரித்தேன். மேலாக இருந்த நற்சான்றின் நாலு மூலையிலும் மஞ்சள். ஈரத்தில் ஊறி, கீழே இருந்த பக்கங்களுக்கும் இறங்கி, என் ஆராய்ச்சிச் சுருக்கத்தின் ஓரம் வரை வந்திருந்தது.

புதுத் துணியானாலும், ஜாதகமானாலும், கல்யாணப் பத்திரிகையானாலும், நாலு மூலையில் மஞ்சள் தடவாமல் எதுவும் அக்காவின் வாசலைத் தாண்டாது. நான் அரக்கு வாங்கப் போன கால் மணி நேரத்தில், இன்னும் ஒட்டாமல் இருந்த மூன்று உறைகளிலிருந்தும் காகிதங்களை எடுத்து அந்த மரியாதையைச் செய்து, மறுபடி உள்ளே வைத்திருக்கிறாள்.

"இன்னாடா எழுதிக்கீறான்?" என்று ஈரக் கையோடு வந்து நின்றாள். முகத்தில் அத்தனை ஆசை. உன் தம்பிக்குச் சொந்தமாகச் சொல்ல ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறான் என்று எப்படிச் சொல்வது? மஞ்சள் படிந்த தாளை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இதைத்தான் எழுதியிருக்கான். இப்படிக் கறை பண்ணின காகிதத்தையெல்லாம் நாங்க தொட மாட்டோம்னு எழுதியிருக்கான். உன்னாலதான் போச்சு, போ!" என்று கத்தினேன்.

அக்கா தாளை வாங்கி முந்தானையால் மூலையைத் துடைத்துப் பார்த்தாள். "மத்த ரெண்டுலயும் தடவிட்டனே தம்பி" என்றாள். அவள் குரல் அவ்வளவு சின்னதாக வந்து நான் கேட்டதில்லை.

அன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாள் ஏற ஏறப் பொய்க்கும் வயசாகி, அது வீட்டில் ஒரு பெரிய மனுஷனைப்போல் உட்கார்ந்துகொண்டது. அக்காவின் பேச்சு குறைந்தது. கப்பல் ஊதினால் குரல் கொடுக்க மாட்டாள். அடுப்பின் முன் குனிந்தே இருப்பாள். ஒருநாள் என்னிடம் வந்து, அந்த இரண்டு ஊருக்கும் ஒரு கடுதாசி போட்டு, தப்பு தம்பியுடையது இல்லை, படிக்காத அக்காவுடையது என்று எழுதச் சொன்னாள். அதெல்லாம் வழக்கமில்லை என்று தட்டிக்கழித்தேன். நான் மறுபடி என் மூன்றாவது ஊருக்குத் திரும்பிவிட்டேன். இன்னும் இரண்டு உறைகள் கடலுக்கு அப்பால் இருக்கின்றனவே, கனவு காண அது போதாதா? பக்கத்தில் ஒருத்தி துரும்பாய் இளைத்துக்கொண்டிருந்தது என் கண்ணில் படவில்லை.

அதற்கு ஆறேழு வாரம் கழித்து ஸ்காட்லாந்துப் பேராசிரியர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. மெல்லிய உறை. இந்த வருஷம் ஒரே இடம்தான் இருந்தது, அது வேறொருவருக்குப் போய்விட்டது என்று முதல் பத்தி. அதன் கீழே இரண்டாவது பத்தி. "தங்கள் சகோதரியார் கட்டைவிரல் ரேகையிட்டு அனுப்பிய கடிதம் கிடைத்தது. மஞ்சள் கறையை நான் கவனிக்கவே இல்லை. அதன் காரணமாகத் தங்களை மறுத்ததாக இன்னொரு பல்கலைக்கழகம் எழுதியிருக்கும் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. அவர் மிகுந்த வேதனையில் இருக்கிறார். காரண காரியத்தைப் பற்றி ஆராய விரும்பும் தாங்கள் அவருக்கு இதை விளக்குவீர்கள் என்று நம்புகிறேன்."

நான் மறுத்ததும் அக்கா என் பெட்டியிலிருந்து ரிஜிஸ்டர் ரசீதுகளை எடுத்துக்கொண்டு, தபாலாபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் போயிருக்கிறாள். அவர் ரசீதில் இருந்த விலாசங்களைப் பார்த்து இரண்டு ஊருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஜெர்மனிக்காரர்கள் எனக்கும் பதில் போடவில்லை, அவளுக்கும் போடவில்லை.

"இன்னா எழுதிக்கீறாரு?" அக்கா கதவோரம் நின்றாள். அருகில் வரவில்லை. இன்னொரு பொய் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் நின்ற நிலையைப் பார்த்ததும் அதை விழுங்கினேன். கடிதத்தை வரி வரியாகத் தமிழில் சொன்னேன்.

"அப்போ மஞ்சளால இல்லியா?"

"இல்லக்கா."

அவள் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகம் மெல்ல மலர்ந்தது. பிறகு புருவம் சுருங்கியது. "அப்போ மொத ஊர்க்காரன் மட்டும் ஏன்டா அப்டி எழுதினான்? பாவி."

"அவனும் எழுதலக்கா. நான்தான் சொன்னேன். அவன் எழுதினது வேற. என் சரக்கு போதலைன்னு எழுதியிருந்தான்."

எழுந்து வந்தாள். விட்டாள் ஒரு அறை. "அட பேமானி! என் கை வெளங்காத கைன்னு நெனச்சுக்கினு இருந்தேன்டா! பக்கத்து வூட்டு சீமந்தத்துக்குக் கூப்டாங்க, போவல. பெத்த பொண்ணு நெத்தியில பொட்டு கூட உங்க மாமாவ வெக்கச் சொன்னேன்டா, ஒன்றர மாசமா!" சொல்லிக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன். குழந்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அதுவும் ஆரம்பித்தது.

நான் சீமைக்குப் போகவே இல்லை. மறு வருஷமும் அதற்கடுத்த வருஷமும் முயன்றேன், கிடைக்கவில்லை. இப்போது இதே வட சென்னையில் மாணவர்களுக்குத் தர்க்கம் சொல்லிக்கொடுக்கிறேன். முன்னால் நடந்ததைப் பின்னால் நடந்ததற்குக் காரணம் என்று எண்ணும் பிழையைப் பற்றிய பாடம் வருஷாவருஷம் வரும். அறியாமையால் அந்தப் பிழையைச் செய்கிறவர்கள் உண்டு என்று புத்தகத்தில் இருக்கிறது. தெரிந்தே அதை ஒருத்தியின் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு என்பதை நான் சேர்த்துக்கொள்கிறேன். யாரைச் சொல்கிறீர்கள் சார் என்று இதுவரை ஒரு மாணவனும் கேட்டதில்லை.

அன்று மத்தியானம் அழுது ஓய்ந்தபின் அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "அந்தப் பெரியவருக்குப் பதில் போடணும். நான் சொல்றேன், நீ எழுது. ஒரு வார்த்த கூட்டாத, ஒரு வார்த்த கொறைக்காத" என்றாள். அடுத்த வருஷம் நான் மறுபடி இடம் கேட்க வேண்டிய மனிதர் அவர். காகிதத்தை எடுத்தேன்.

"பெரியவருக்குக் கும்புடு. மஞ்சளால இல்லன்னு நீங்க சொன்னப்புறந்தான் எனுக்கு உசுரு வந்துச்சு. மொத ஊர்க்காரங்க மேல தப்பில்ல. என் தம்பி என்னாண்ட பொய் சொல்லிட்டான்."

என் பேனா நின்றது.

"இன்னா நின்னுட்ட? பொய்யின்றதுக்கு இங்கிலீசுல வார்த்த இல்லியா?"

"இருக்குக்கா."

"எழுது. அவன் கோவக்காரன், கெட்டவன் இல்ல. அடுத்த வருசம் எடம் இருந்தா பாருங்க. இல்லன்னா இல்லன்னு சட்டுனு சொல்லிடுங்க, காக்க வெக்காதீங்க. காத்துக்கினு இருக்கறதுதான் பேஜாரு, மனுசன் புத்தி கெட்டுப்பூடுது."

எல்லாவற்றையும் எழுதினேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. அக்கா மையில் கட்டைவிரலைத் தோய்த்து அடியில் அழுத்தினாள். பிறகு தாளை என் பக்கம் தள்ளி, "நீயும் போடு" என்றாள். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன்.

"அத்த கீழ வை. படிச்சவன் கையெழுத்த நான் இனிமே நம்பமாட்டேன். வெரல வை."

எம்.ஏ. படித்த என் கட்டைவிரலை மையில் தோய்த்து, அவள் ரேகைக்குப் பக்கத்தில் வைத்தேன்.