உப்புமா முகாமும் பிரியாணி பில்லும்

குன்னூரில் நான் வேலை பார்த்த அரசு அலுவலகத்தில் எல்லோரும் நேர்மையானவர்கள். நானாகச் சொல்லவில்லை, அவர்களே சொன்னார்கள். வாயால் சொன்னது போதாதென்று நோட்டீஸ் அடித்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒட்டினார்கள்.

அந்த வருஷம் ஆடி மழை மஞ்சூர்ப் பக்கம் விடாமல் ஊற்றியது. மலைச்சரிவுக்குக் கீழே இருந்த எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளைக் காலி செய்து, ஜனங்களை அரசுப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தோம். முகாம் டியூட்டி எனக்கு விழுந்தது. எங்கள் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர்களுக்குக் குளிரும் மழையும் மட்டும் எப்போதும் தாராளமாக ஒதுக்கப்படும். காலையில் ரவை உப்புமா, மத்தியானம் அதன் மிச்சம், சாயங்காலம் மறுபடி புதிதாக உப்புமா. நானும் அதையேதான் சாப்பிட்டேன். குளிருக்குச் சூடாக ஏதோ கிடைத்ததே என்று யாரும் குறை சொல்லவில்லை. மழை விட்டதும் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

பிறகு கிராம சபைக் கூட்டம் வந்தது. அங்கே மழை நிவாரணச் செலவை மைக்கில் வாசித்தார்கள். முகாமில் தங்கியவர்களுக்குச் சிக்கன் பிரியாணி, அவித்த முட்டை, வாழைப்பழம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. சமைத்துக் கொடுத்ததாகச் சொன்ன ஓட்டலுக்குப் பணமும் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த ஓட்டல் எங்கள் கண்காணிப்பாளரின் மச்சினனுடையது. லயன் வீட்டுக்காரப் பெண் ஒருத்தி எழுந்தாள். சின்னப் பிள்ளையாக இலங்கையிலிருந்து வந்து, இங்கே கொழுந்து பறித்தே நடு வயதைத் தாண்டியவள். கோபமெல்லாம் படவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவள் மாதிரிதான் கேட்டாள்.

"ஐயா, அந்தப் பிரியாணிய எந்தப் பள்ளிக்கூடத்துல போட்டீங்க? நாங்க தப்பான பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டோமோ?"

மறுநாள் இது பேப்பரில் வந்தது. அதற்கு மறுநாள் எங்கள் அலுவலகத்தின் நேர்மைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. எல்லோரும் கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டோம். மத்தியானம் வாசலில் கூட்டம் போட்டார்கள். எங்கள் ஆபீஸ் அதிகாரி தழுதழுத்த குரலில் பேசினார். தன் வீட்டு ஃபிளாஸ்க்கில் கொண்டுவரும் டீயைத் தவிர ஆபீஸ் டீயைத் தொட்டதில்லை என்றார். அந்த ஃபிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டவும் செய்தார். அவருக்குப் பிறகு பேசிய கண்காணிப்பாளர், முகாம் சோற்றில் ஒரு பருக்கையைக்கூடத் தான் வாயில் வைத்ததில்லை என்று சத்தியம் பண்ணினார். அது உண்மைதான். முகாமில் இருந்தவர்களும் வைத்ததில்லை.

ஊழியர்கள் சார்பில் ஒரு கண்டன அறிக்கை தயாரானது. முகாமில் பிரியாணி பரிமாறப்பட்டதை நேரில் கண்டோம் என்று அதில் ஒரு வரி. முகாம் டியூட்டி பார்த்தவள் என்பதால் என் கையெழுத்து முதலில் வேண்டுமாம். நான் உப்புமாவைத்தான் கண்டேன், அப்படி எழுதினால் போடுகிறேன் என்றேன். கண்காணிப்பாளர் என்னைப் பார்த்த பார்வையில் வருத்தம்தான் அதிகம். ஆபீஸ் ஒரு குடும்பம் மாதிரி, குடும்பத்தில் நடப்பதை வெளியே சொல்வார்களா என்று கேட்டார். ஆர்டினன்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், கையெழுத்தும் போடாதே, வாயையும் திறக்காதே என்று அன்றைக்கு ராத்திரிச் சோறு முடியும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் பயம்தான். ஆனால் அந்த உப்புமாவை என் கையாலேயே கிண்டிப் போட்டிருக்கிறேன். அதைப் போய்ப் பிரியாணி என்று எப்படிச் சொல்வது?

ஊட்டியிலிருந்து விசாரணைக்கு ஒரு பெரிய அதிகாரி வரப்போவதாகத் தகவல் வந்தது. அவர் வருவதற்கு முந்தைய நாள் ஓட்டல் வேன் லயன் வீடுகளுக்குப் போனது. அண்டா அண்டாவாகச் சிக்கன் பிரியாணி. ஆளுக்கொரு முட்டை, ஒரு வாழைப்பழம். என்ன விசேஷம் என்று ஜனங்கள் கேட்டதற்கு, சும்மா ஒரு அன்புதான் என்றாராம் மச்சினன். கேட்டவர்களுக்கு இரண்டாம் தடவையும் போட்டார்களாம்.

விசாரணை அதே பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஊட்டி அதிகாரி அதிகம் பேசாத மனிதர். கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, மாணவர் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். முதலில் என்னைத்தான் கேட்டார்.

"முகாம்ல நீங்க என்னம்மா சாப்பிட்டீங்க?"

"உப்புமாங்க சார்."

கண்காணிப்பாளர் உடனே முன்னால் வந்தார். "மேடம் சைவமுங்க சார். அவங்களுக்குன்னு தனியா உப்புமா பண்ணிக் குடுத்தோமுங்க."

"நான் சைவம் இல்லீங்க சார்" என்றேன். "போன மாசம் இவரு பொண்ணு சீர் விருந்துல மட்டன் சாப்பிட்டேன். இவருதான் பரிமாறினாரு."

ஊட்டி அதிகாரி சிரிக்கவில்லை. மஃப்ளரை மட்டும் சரிசெய்துகொண்டு, லயன் வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டார். எங்கள் ஆட்கள் முகத்தில் ஒரு தெம்பு வந்தது.

"உங்களுக்குச் சிக்கன் பிரியாணி குடுத்தாங்களா?"

"குடுத்தாங்கய்யா. முட்டையும் வாழைப்பழமும்கூட வந்திச்சு. பொய் சொல்லக்கூடாது, ருசியாவே இருந்திச்சு."

கண்காணிப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"எப்பக் குடுத்தாங்க?"

"நேத்தைக்குங்கய்யா."

எங்கள் அதிகாரி தன் ஃபிளாஸ்க்கைத் திறந்து டீயை ஊற்றினார். அதைக் குடிக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

இத்தோடு மாட்டினார்கள் என்று நான் நினைத்தேன். அரசாங்கத்தை இத்தனை வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. விசாரணை முடிவு வந்தபோது அதன் சாரத்தை எங்கள் அதிகாரியே எல்லோரையும் நிற்கவைத்து வாசித்தார். பயனாளிகளுக்குப் பிரியாணி வழங்கப்பட்டது அவர்கள் வாக்குமூலத்தாலேயே உறுதியாகிறது. வழங்கியதில் நிர்வாகக் காரணங்களால் தாமதம் ஏற்பட்டுள்ளது. இனி இத்தாமதம் தவிர்க்கப்பட வேண்டும். அவ்வளவுதான். கைதட்டினார்கள். கறுப்பு பேட்ஜைக் கழற்றிவிட்டு லட்டு கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று வந்தது. லட்டின் மேல் எனக்குக் கோபமில்லை, சாப்பிட்டேன்.

அடுத்த வாரமே நிர்வாக நலன் கருதி என்னைத் தேவாலாவுக்கு மாற்றினார்கள். துவைத்த துணி மூன்று மாதம் காயாத ஊர். என் வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. குடை மட்டும் புதிதாக வாங்கிக் கொடுத்தார். கண்காணிப்பாளருக்குப் பதவி உயர்வு வந்தது. பாராட்டு விழாவில் அவருடைய நேர்மையைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லையாம். சாப்பாடு யார் ஓட்டலிலிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

மறுவருஷ மழையில் அந்த லயன் வீட்டுப் பெண் எனக்குப் போன் செய்தாள். மறுபடி அதே பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறார்களாம். இந்தத் தடவை நிஜமாகவே பிரியாணி வந்ததாம். ஆனால் ஒவ்வொருவரையும் தட்டோடு நிற்கவைத்துப் படம் எடுத்து முடிப்பதற்குள் சோறு ஆறிப்போகிறதாம். சரிவுக்குக் கீழே வேண்டாம், வேறு இடத்தில் வீடு கொடுங்கள் என்று அவர்கள் முன்பே கொடுத்திருந்த மனுவைப் பற்றிக் கேட்டேன். அது பரிசீலனையில் இருப்பதாக ஆபீஸில் சொன்னார்களாம்.

"சரிவுல மண்ணு இன்னும் இறங்கிக்கிட்டுத்தான் இருக்கு மேடம்" என்றாள். பிறகு, படம் எடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.