கூடைக்குள் ஒலித்த என் குரல்

என் பிழைப்பே அக்கா போட்ட பிச்சை. மேடையில் தனியாக நின்று, வீட்டு விஷயம் தெரு விஷயமெல்லாம் கேலி பேசிச் சிரிக்க வைப்பது என் தொழில். சென்னையில் டிக்கெட் வாங்கி வந்து உட்காருகிறார்கள். அவர்கள் அதிகம் சிரிப்பது, அக்கா எனக்குப் போனில் சொன்ன ஒரு விஷயத்துக்கு.

திருத்தங்கல்லில் எங்கள் வீடு. அக்கா நாரணாபுரம் பக்கம் ஒரு பயர் ஆபீசில் வேலை பார்த்தாள். பட்டாசுக் கம்பெனியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஆபீஸ் என்றதும் நாற்காலி, மின்விசிறி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் வாட்ச்மேன் ஒரு பிளாஸ்டிக் கூடை வைத்திருப்பார். எல்லாரும் போனை அதில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

எங்காவது வெடிச்சத்தம் கேட்டால் ஊரில் யாரும் ‘என்ன ஆச்சு’ என்று கேட்பதில்லை. ‘எந்த ஆபீசு’ என்றுதான் கேட்பார்கள். உடனே அவரவர் வீட்டு ஆளுக்குப் போன் போடுவார்கள். எடுக்க முடியாது என்று தெரிந்தேதான் போடுவார்கள். ஒரு தடவை பக்கத்து ஆபீசில் வெடித்தது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு அக்கா சிரித்துச் சிரித்துச் சொன்னாள்:

“ஏலே, கூடையில அறுவது போனு இருக்கும். அம்புட்டும் ஒரே நேரத்துல அடிக்குது. ஒண்ணுல அம்மன் பாட்டு, ஒண்ணுல குத்துப்பாட்டு, ஒண்ணுல கோழி கூவுது. வாட்ச்மேன் மாமா எதை எடுக்கன்னு தெரியாம கூடையத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டுச் சுத்துறாரு.”

அதை மேடைக்கு ஏற்றினேன். வாட்ச்மேனுக்கு ஒரு நடை கொடுத்தேன், கோழிக்கு ஒரு குரல் கொடுத்தேன். வெடித்ததை மட்டும் ஒரு வரியில் முடித்துக்கொண்டேன். அது நீண்டால் சிரிப்பு வராது. அந்த வீடியோ பரவிய பிறகுதான் நான் ஆளானேன்.

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. மகளிடம் சொல்லி அந்த வீடியோவில் ஒரு துண்டை வெட்டி, நான் கூப்பிட்டால் மட்டும் அடிக்கிற ரிங்டோனாக வைத்துக்கொண்டாள். “எந் தம்பி கூப்பிட்டா அவன் குரலே அடிக்கும்” என்று வேலைக்குப் போகிற பஸ்ஸில் எல்லாரிடமும் காட்டினாளாம். எனக்கும் மனசு குளிர்ந்துதான் போனது.

தீபாவளிக்கு முன்னால் ஆர்டர் நெருக்குகிற சீசன் அது. காலை பத்தரை மணி இருக்கும். ஊர்க்காரன் ஒருவன் செய்தி அனுப்பியிருந்தான். வெடித்தது அக்காவின் ஆபீஸ். போன் போட்டேன். அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன். எத்தனை தடவை என்று நினைவில்லை, கை நிற்கவில்லை. மதியம் இரண்டு மணிக்கு வேறு யாருடைய போனிலிருந்தோ அக்கா பேசினாள். “நான் இருக்கேன்லே” என்றாள். நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதேன்.

அவளோடு ஒரே ரூமில் திரி செருகுகிறவள், பதினைந்து வருடக் கூட்டாளி, போய்விட்டாள். அக்கா தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தாள், அவ்வளவுதான்.

மறுநாள் ஊருக்குப் போய் இறங்கினேன். அக்கா என்னை வா என்று சொல்லவில்லை. அவள் கையில் வெள்ளி நிறப் பொடி இன்னும் போகாமல் இருந்தது.

“செத்துப்போனவ அம்மா வாசல்ல நின்னாக. உள்ள விடல. கூடையில இருந்த போனெல்லாம் அடிச்சு அடிச்சு ஓஞ்சிருச்சு. என் போனு மட்டும் ஓயல. நீ பேசுற, சனம் சிரிக்குது. திரும்பவும் நீ பேசுற, திரும்பவும் சிரிக்குது. அந்தம்மா வாட்ச்மேன்கிட்ட, ‘யாருய்யா இங்கன சிரிக்கிறது’ன்னு கேட்டாகளாம்.”

பயத்தில் கூப்பிட்டேன் என்றேன். “தெரியும்லே” என்றாள். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “இனிமே அதச் சொல்லாத” என்றாள். சரி என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

இரண்டு மாதம் சொல்லவில்லை. பிறகு ஒரு நிகழ்ச்சியில் எதைச் சொன்னாலும் எவனும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ‘கூடை, கூடை’ என்று கத்தினார்கள். சொன்னேன். கோழியின் குரலைக்கூட மாற்றாமல் சொன்னேன். கூரை அதிரச் சிரித்தார்கள். என்னைக் காறித் துப்பலாம், தப்பில்லை. அதற்குப் பிறகும் விடவில்லை, இப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். புது வீடியோ அக்கா மகளின் கண்ணில் பட்டது, அக்காவும் பார்த்தாளாம்.

அவளுக்கும் வேறு பிழைப்பு இல்லை. வேறொரு ஆபீசுக்குப் போகிறாள். போனைச் சைலண்டில் வைத்துக் கூடையில் போடுகிறாள். என்ன நடந்தாலும் நான் கூப்பிடக் கூடாது என்று மகள் மூலமாகச் சொல்லி அனுப்பிவிட்டாள். எங்காவது வெடித்ததாகச் செய்தி வந்தால், வேலை விடும் வரைக்கும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் அவளே கூப்பிடுவாள். நான் “அக்கா” என்று வாயெடுப்பதற்குள், “இருக்கேன்” என்று சொல்லி வைத்துவிடுவாள்.