உழுதுவிட்ட கால் பங்கு

கீரைக்கார அக்காவை நான் முதலில் பார்த்தது நகராட்சி அலுவலகத்தின் மாடிப்படியில். பிரிக்காத கவரை நீட்டி, "படிச்ச புள்ள மாதிரி இருக்க. இதைப் பிரிச்சுச் சொல்லு தம்பி. கெட்டதா இருந்தா மெதுவாச் சொல்லு" என்றார். கவரின் மூலை அவர் விரல் வியர்வையில் ஊறிப்போயிருந்தது.

அதற்குள் இருந்தது ஒரு ஏக்கர் நிலத்தின் தலையெழுத்து. நிலம் நகராட்சியுடையது; குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுவது அக்காவும் கணவரும். விளைகிற கீரையும் காயும் பள்ளிச் சமையலறைகளுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகவேண்டும் என்பது ஒப்பந்தம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வு. ஒரு மூலை தரிசாகக் கிடந்தாலும் நிலம் கைவிட்டுப் போகும். பக்கத்து நிலம் அப்படித்தான் போனது. அங்கே இப்போது லாரிகள் நிற்கின்றன.

அக்கா கால் பங்கில் சணப்பு விதைத்திருந்தார். அறுத்து விற்கிற பயிரல்ல அது; பூக்கிற பருவத்தில் மடக்கி உழுது மண்ணுக்கே உரமாக்குவது. பன்னிரண்டு வருடப் பழக்கம். ஆனால் ஆய்வுக்கு முந்தின காலை வேலிக்கு வெளியே நின்று பார்த்தபோது, அது வெறும் புதர்க்காடாகத் தெரிந்தது. தரிசென்று எழுதிவிடுவார்களே என்று நினைத்தார். ஆய்வுக்கு வந்த நோட்டீஸை வாசிப்பதெல்லாம் கணவர் வேலை. அவரோ காய் வண்டியோடு பள்ளிக்குப் போயிருந்தார். அக்கா டிராக்டரை வரவழைத்து, பூக்காத சணப்பை மொத்தமாக உழுதுவிட்டார்.

திரும்பி வந்த கணவர் வண்டியைவிட்டு இறங்கவேயில்லை.

"என்னடி பண்ணி வச்சிருக்க?"

"சுத்தமா இருக்கட்டும்னுதாங்க..."

"நல்லாத் துடைச்சுட்ட! ஆய்வன்னிக்குப் பயிர் நிக்கணும்னுல்ல நோட்டீஸ்ல போட்டிருக்கு? சணப்பும் பயிர்தானே! மாப்பிள்ளையை வீட்டுல மறந்துட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பின கதையால்ல இருக்கு!"

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. 

மறுநாள் வந்த ஆய்வாளர் வெற்று மண்ணைப் பார்த்தபடியே பேனாவைத் திறந்தார். அக்கா மண்டியிட்டு, இரண்டு கையாலும் தோண்டி, வதங்கிய தண்டுகளை அள்ளிக் காட்டினார்.

"பாருங்க சார், இது தரிசில்ல. உரத்துக்குப் போட்ட செடி."

"புரியுதும்மா. ஆனா ஃபாரத்துல பயிர், தரிசுன்னு ரெண்டே கட்டம்தான் இருக்கு."

எந்தக் கட்டத்தில் கோடு விழுந்தது என்று அவர் காட்டவில்லை. ஒரு தண்டை மட்டும் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

அதன்பின் பதினோரு நாள். வாசலில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால், அக்கா கையில் எடுத்த கவளம் அப்படியே நிற்கும். லாரிகள் பக்கம் பார்க்காமல் தலையைக் குனிந்தே தண்ணீர் பாய்ச்சினார். கவர் வந்ததும் பிரிக்கவிடாமல் கணவர் கையிலிருந்து பிடுங்கி, நேரே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். கெட்ட சேதியாக இருந்தால் அங்கேயே யார் காலிலாவது விழுந்துவிடலாம் என்று.

கடிதத்தில் இருந்தது இரண்டே வரி. ஐந்தாண்டுக்குப் பதில் ஓராண்டு நீட்டிப்பு. அடுத்த ஆய்வு முன்னறிவிப்பின்றி நடக்கும்.

முதல் வரிக்கு நிமிர்ந்த முகம் இரண்டாம் வரிக்கு இருண்டது.

"அப்போ எப்ப வேணா வருவாங்களா தம்பி?"

இப்போதும் அந்த நிலத்தில்தான் இருக்கிறார். கால் பங்கில் சணப்பும் விதைக்கிறார். வேலியோரம் மட்டும், வெளியே நின்று பார்ப்பவர் கண்ணுக்காக, இரண்டு வரிசை முள்ளங்கி.