ஒரு குன்றிமணி குறைகிறது

புதுப்பெண்ணாய் அந்த வீட்டுக்குள் கால் வைத்த அன்றே இளையவளுக்கு மானம் போய்விடும் போல இருந்தது. இருந்த ஒரே நல்ல உடுப்பில், புறப்படும் அவசரத்தில் இஸ்திரிப்பெட்டி பட்டுத் தோள்பக்கம் கருகி ஓட்டை விழுந்திருந்தது. வந்தவர்கள் முன்னால் அதைக் கையால் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். முகம் கழுவி மாற்றுடையில் கொஞ்ச நேரம் படுத்து எழுந்து பார்த்தால், கொடியில் தொங்கிய உடுப்பில் அந்த ஓட்டையைக் காணோம். அந்த இடத்தில் ஒரு துணிப்பூ. பழைய தலையணை உறையை இதழ் இதழாக மடித்து, நடுவில் ஒரு சட்டைப் பொத்தானை வைத்துத் தைத்திருந்தது. யார் செய்தது என்று யாரும் சொல்லவில்லை. கணவனின் அக்கா மட்டும் ஜன்னலடியில் ஊசியில் நூல் கோத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போலக் குனிந்திருந்தார்.

அன்றிலிருந்து இளையவளுக்கு அவர் வெறும் நாத்தனார் இல்லை. அண்ணி, அண்ணி என்று அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள்.

அண்ணியைக் கட்டியவர் சீக்கிரமே கண்ணை மூடிவிட்டார். பிள்ளை குட்டி இல்லை. தம்பி வீட்டு முன்னறைதான் அவருக்கு எல்லாம். ஒரு தையல் மிஷின், சாக்குச் சாக்காகப் பழந்துணி, டப்பா டப்பாவாகப் பொத்தான். கிழிந்த ஜீன்ஸ் கால் அவர் கையில் தோள்பையாகும். சாயம் போன பனியனைப் பட்டை பட்டையாக வெட்டி முறுக்கினால் கழுத்துமாலை. ஜோடி தொலைந்த பொத்தான்கள் தோடாகும். அறுந்த மாலைகளைக் கொண்டுவந்து கொடுப்பவர்களுக்குப் புதிதாகக் கோத்தும் தருவார். அதில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு மணி கோத்தால் ஒரு முடிச்சு, அடுத்த மணி, அதற்கும் ஒரு முடிச்சு. மெழுகு தடவிய நூலில் இறுக்கிப் போடும் அந்த முடிச்சுகளால் தெருவில் அவருக்கு முடிச்சக்கா என்றே பேர். ஒவ்வொரு முடிச்சுக்கும் உதடு அசையும். போட்டுக்கொள்பவளைக் கடவுள் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு வார்த்தை.

"என்ன அண்ணி, மாலை கோக்குறீங்களா, சாமி கும்பிடுறீங்களா?" என்று இளையவள் சீண்டுவாள். "நீங்க ஒரு மாலை முடிக்கிறதுக்குள்ள, போட்டுக்க வேண்டியவ கிழவியாயிடுவா."

"ஆகட்டுமே. கிழவி கழுத்துலயும் அறுந்து விழாது" என்பார் அண்ணி.

வாலு பிறந்து மூன்று வயதானபோதுதான் அந்த வேலை வந்தது. வாலு என்பது இளையவளின் மகள். பேர் வைத்ததெல்லாம் வைத்ததோடு சரி, கூப்பிடுவது வாலு என்றுதான். பெரிய தெருவின் உடுப்புக்கடைக்காரம்மா வந்து, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஆடப் போகிறார்கள், கைக்குச் சிவப்பு மணி வளையல் கூடை நிறைய வேண்டும், வாரக் கடைசிக்குள் வேண்டும் என்றார். வீட்டில் சிவப்பு மணி ஒரு கைப்பிடிகூட இல்லை. இளையவள்தான் யோசனை சொன்னாள். பின்பக்க வேலியில் குன்றிமணிக் கொடி படர்ந்து, நெற்று வெடித்து, சிவப்பும் கறுப்புமாய்ச் சிரித்துக்கொண்டிருந்தது.

"அது விஷம்னு சொல்வாங்களே, தங்கம்" என்று அண்ணி தயங்கினார்.

"கையில போடத்தானே அண்ணி, கறி வெச்சுத் திங்கவா? அப்படியே ஒண்ணு வயித்துக்குள்ள போனாலும் போன மாதிரியே வெளிய வந்துடும். எங்க வீட்டுல சின்னப் பிள்ளையில நானே முழுங்கியிருக்கேனாம். இதோ, கல்லு மாதிரி உக்காந்திருக்கேன்."

அண்ணி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் வேலை தொடங்கிவிட்டது. மணிகளை வெந்நீரில் ஊறப்போட்டு, ஊசியைப் பழுக்கக் காய்ச்சி, ஒவ்வொன்றாகக் குத்தி ஓட்டை போட்டார்கள். குன்றிமணி ஒன்று, வெள்ளைச் சட்டைப் பொத்தான் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கோப்பதாக ஏற்பாடு. அண்ணி முடிச்சு முடிச்சாகப் போய்க்கொண்டிருந்தார். இளையவளுக்குப் பொறுமை இல்லை. பழைய பாவாடைகளின் இடுப்பிலிருந்து உருவி வைத்த எலாஸ்டிக்கை நெடுக்காக இழை இழையாகப் பிரித்து, அதில் முடிச்சே இல்லாமல் சரசரவென்று கோத்துத் தள்ளினாள். எல்லாம் ஒரே அளவு, தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் வைத்து அளந்தது. சாயங்காலம் பார்த்தால் அவள் கூடை நிறைந்திருந்தது. அண்ணியின் கூடையில் அடி தெரிந்தது.

"பாத்தீங்களா!" என்றாள் இளையவள்.

அண்ணி ஒரு வளையலை எடுத்து இழுத்துப் பார்த்தார். "எலாஸ்டிக் பழசா இருக்கே, தங்கம்."

"ஒரு ஆட்டத்துக்குத் தாங்கினா போதும் அண்ணி."

மறுநாள் அண்ணி நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். இளையவள் பின்பக்கம் அலசிய துணிகளை உலர்த்திக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் சத்தமே இல்லை. வாலு இருக்கும் வீட்டில் சத்தம் இல்லையென்றால் எதையோ கவிழ்த்துவிட்டாள் என்று அர்த்தம். சிரித்துக்கொண்டேதான் இளையவள் உள்ளே வந்தாள்.

கூடை கவிழ்ந்திருந்தது. வாலு நடுவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் அறுந்த எலாஸ்டிக் இழை. தரையெங்கும் வெள்ளைப் பொத்தான்களும் சிவப்பு மணிகளும். வாய் எதையோ மென்று முடித்ததுபோல் ஈரமாக இருந்தது.

இளையவள் விரலை விட்டு அந்தச் சின்ன வாயைத் துழாவினாள். ஒன்றும் இல்லை.

"முழுங்கினியாடி?"

"ஆமா" என்றாள் வாலு.

"அய்யோ! எத்தனை? ஒண்ணா?"

"ஆமா."

"ரெண்டா?"

"ஆமா."

"முழுங்கலையா நீ?"

"ஆமா" என்று தலையை ஆட்டிவிட்டு வாலு சிரித்தாள். அவள் எதற்கும் ஆமா சொல்கிற வயதில் இருந்தாள். இத்தனை நாளும் வீடே அதைக் கேட்டுச் சிரித்தது. இன்று இளையவள் அவளை வாரி எடுத்துக்கொண்டு கத்தினாள்.

கூச்சல் கேட்டு, தெருவில் கேன் இறக்கிக்கொண்டிருந்த தண்ணீர்க்காரர் ஓடி வந்தார். பார்த்துவிட்டு, "குன்றிமணியா? இதுக்கா இந்தக் கத்தல் கத்துறே? ஓடு கெட்டிம்மா. முழுசா முழுங்கினா முழுசா வந்துடும். வயித்துல ஒட்டவே ஒட்டாது" என்றார். அவள் அறிந்திருந்ததும் அதுதான். போன உயிர் திரும்பியது போல இருந்தது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிக்கக்கூடச் செய்தாள்.

அப்போதுதான் அண்ணி வந்தார். சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டார். குனிந்து தரையிலிருந்து ஒரு மணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஊசி போன ஓட்டை வழியாக வெளிச்சம் புள்ளியாகத் தெரிந்தது. அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை இளையவள் பார்த்தாள்.

"முழுசா இருந்தாத்தானே, தங்கம்" என்றார் அண்ணி மெதுவாக. "அந்தக் கெட்டி ஓட்டத்தான் நாம குத்தித் தொறந்து வெச்சிருக்கோமே."

தண்ணீர்க்காரர் ஓடிப்போய் வண்டியைத் திருப்பினார். காலிக் கேன்கள் உருண்டு இடிக்க, பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டு பேரும் பின்னால் உட்கார்ந்தார்கள். வாலுவுக்கு வண்டிச் சவாரி கொண்டாட்டமாக இருந்தது. ஒவ்வொரு தடவை அவள் இருமும்போதும் இளையவள் அந்த வாயை மறுபடி திறந்து பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அந்த மணியைக் கையில் வாங்கிப் பார்த்ததும் ஒரே கேள்விதான் கேட்டார். "எத்தனை முழுங்கினா?"

தெரியவில்லை. முடிச்சு போட்ட வளையலாக இருந்தால் இரண்டு முடிச்சுக்கு நடுவில் காலியிடமே எத்தனை என்று சொல்லியிருக்கும். முடிச்சு போட்ட வளையல் அறுந்திருக்கவே அறுந்திருக்காது. இளையவளுக்கு இதெல்லாம் மனதுக்குள் ஓடியது.

"ஓட்டை போட்ட மணியா இருக்கறதால சும்மா விட முடியாது. இப்ப நல்லா விளையாடுவா. கெடுதல் இருந்தா மெதுவாத்தான் காட்டும். இங்கயே இருக்கட்டும், பாக்கலாம்" என்று சொல்லி, டாக்டரம்மா விஷத்தை இழுக்கும் கரி மருந்தைக் கரைத்துக் கொடுக்கச் சொன்னார். வாலு பாதியைக் குடித்தாள், மீதியை இளையவள் மேல் துப்பினாள். கறுத்த நாக்கை நீட்டிப் பக்கத்துக் கட்டில்காரியைப் பயமுறுத்தினாள்.

அண்ணி அந்த வண்டியிலேயே வீட்டுக்குத் திரும்பினார். தரையில் மண்டியிட்டு, கட்டிலடி, மிஷின் பெடலடி, சாக்கு மடிப்பு என்று ஒவ்வொரு மூலையாகத் துழாவி, கிடைத்ததையெல்லாம் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். கூடவே இளையவள் கோத்த வேறொரு நல்ல வளையலையும் எடுத்து வந்தார். ஆஸ்பத்திரி பெஞ்சில் அந்த நல்ல வளையலை அறுத்து நீட்டிக் கிடத்தி, அதன் பக்கத்தில் பொறுக்கி வந்தவற்றை ஒவ்வொன்றாக வைத்தார். பொத்தானுக்குப் பொத்தான். மணிக்கு மணி. பொத்தான்கள் எல்லாம் ஜோடி சேர்ந்தன. மணிகள் சேர்ந்துகொண்டே வந்தன. கடைசிப் பொத்தானுக்குப் பக்கத்தில் வைக்க அண்ணியின் கையில் ஒன்றும் இல்லை.

முந்தானையை உதறினார். மறுபடி உதறினார்.

"ஒண்ணு குறையுது" என்றார்.

ஒன்று. டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. "சின்ன உடம்பு, ஒண்ணும் லேசில்ல. பாக்கலாம்" என்றார். அந்தப் 'பாக்கலாம்' என்ற சொல் இளையவளின் காதில் மணியடித்துக்கொண்டே இருந்தது.

வேலையிலிருந்து கணவன் அப்படியே ஓடி வந்தான். "யாரு கோத்தது அது?" என்று கேட்டான். குரல் தாழ்ந்துதான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. இளையவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணி சொன்னார்: "ரெண்டு பேரும்தான்டா ஓட்டை போட்டோம். கோத்த கையைத் தேடி இப்ப என்ன ஆகப்போவுது? பிள்ளை பக்கத்துல உக்காரு."

அவன் உட்கார்ந்தான்.

பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. வாலு தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பார்கள். விழித்து விளையாடினால், டாக்டரம்மா சொன்ன அந்த விளையாட்டு இதுதானோ என்று நடுங்குவார்கள். ஒரு தடவை அவள் குபுக்கென்று வாந்தி எடுத்தபோது இளையவள் தரையில் உட்கார்ந்து அதில் சிவப்பு தெரிகிறதா என்று தேடினாள். வந்தது கரி மருந்துதான் என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் எழுந்தாள். அண்ணி வெறும் நூல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு முடிச்சு போட்டுக்கொண்டிருந்தார். மணியில்லாத முடிச்சுகள். உதடு மட்டும் ஓயாமல் அசைந்தது. அன்று இளையவள் சீண்டவில்லை. நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

கெடுதல் எதுவும் வரவில்லை. நாலு நாள் வைத்துப் பார்த்து, ரத்தத்தைச் சோதித்து, டாக்டரம்மா அனுப்பிவிட்டார். "முழுங்கியிருக்கவே மாட்டா. எங்கயாவது உருண்டிருக்கும், நல்லாத் தேடுங்க" என்றார். இளையவள் கட்டிலைக் கும்பிட்டாள், கதவைக் கும்பிட்டாள், தண்ணீர்க்காரரின் வண்டியைக்கூடக் கும்பிட்டாள். "எனக்கும் ஒரு கும்பிடு போடும்மா, முழுசா வந்துடும்னு சொன்ன மேதாவி நான்தான்" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி செய்த முதல் காரியம், இரண்டு கூடையிலும் இருந்த வளையல்களை வெட்டி, குன்றிமணி எல்லாவற்றையும் குழி தோண்டி ஆழமாகப் புதைத்தது. தன் முடிச்சு வளையல்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. வேலியில் இருந்த கொடியைக் கணவன் வேரோடு பிடுங்கினான்.

உடுப்புக்கடைக்காரம்மா வாசலில் நின்று கத்தினார். "ஆட்டத்துக்கு நாளு நெருங்கிடுச்சு. பிள்ளைங்க மொட்டைக் கையோட ஆடுமா?"

"ஆடினா ஆடட்டும். உசுரோட ஆடட்டும்" என்றார் அண்ணி. அதற்குமேல் விளக்கம் சொன்ன பிறகு கடைக்காரம்மா கத்துவதை நிறுத்தினார். ஆனாலும் அண்ணி அவரை வெறுங்கையாக அனுப்பவில்லை. சாக்கிலிருந்து ஒரு பழைய சிவப்புத் திரைச்சீலையை உருவி, கீற்றுக் கீற்றாக வெட்டி, பஞ்சு வைத்துச் சின்னச் சின்ன உருண்டைகளாகத் தைத்துக் கோத்தார்கள். இந்தத் தடவை இளையவளும் முடிச்சு போட்டாள், ஒவ்வொரு உருண்டைக்கும் ஒன்று. அவளுக்கே தெரியாமல் அவள் உதடும் அசைந்தது.

குறைந்த அந்த ஒன்று மட்டும் கிடைக்கவே இல்லை. மற்றவர்கள் மறந்துபோனார்கள். வாலு பள்ளிக்கூடம் போய், எதற்கும் மாட்டேன் சொல்கிற வயதுக்கு வந்துவிட்டாள். அண்ணி மறக்கவில்லை. பெருக்கினால் குப்பையை விரலால் கிளறிப் பார்த்துத்தான் கொட்டுவார். பழந்துணி எதை வெட்டினாலும் முதலில் பையையும் மடிப்பையும் தடவுவார். யாராவது ஏன் என்று கேட்டால், "சும்மா" என்பார். அவருக்கு அந்த வீட்டில் எங்கோ ஒரு ஓரத்தில், ஓட்டையோடு, சிவப்பாக, அது இன்னும் விழித்துக்கொண்டு கிடந்தது.

இளையவளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து குப்புற விழப் பழகிக்கொண்டிருந்த நாளில், தூரத்து ஊரில் படுத்த படுக்கையாய்க் கிடந்த தங்கையைப் பார்த்துக்கொள்ள அண்ணி புறப்பட்டார். போன இடத்தில் அவருக்கே உடம்புக்கு வந்து, திரும்பி வராமலே போய்விடுவார் என்று யாருக்கும் தெரியாது. பஸ் நிலையத்தில் இளையவள் அந்த முதல் நாள் உடுப்பிலிருந்து பிரித்தெடுத்த துணிப்பூவை நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றாள். கைப்பிள்ளை அந்தப் பூவின் பொத்தானை வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்தது. அண்ணி சட்டென்று அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் உறுமியது. ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கூப்பிட்டார்.

"தங்கம், இவன் தவழ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பெரிய அலமாரியை நகத்திப் பாத்துடு. அங்க மட்டும்தான் எனக்குக் கை எட்டல."