இராயப்பர் காது

அகஸ்ரீனாவுக்குச் சொந்த ஊர் மன்னார்ப் பக்கம் பேசாலை. இத்தாலியில் பலேர்மோவுக்கு வந்த நாள் முதல் மொண்டெல்லோவில் ஒரு சின்யோராவின் வீட்டைத் துடைக்கிறாள். எனக்கும் அதே தெருவில்தான் வேலை. ஞாயிறு பூசை முடிந்ததும் நாங்கள் கோயில் வாசலில் கலியாணக் கதை கதைத்துக்கொண்டு நிற்போம்; அவள் மட்டும் ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரைக்கு பஸ் ஏறிவிடுவாள்.

அங்கே பாறை இடுக்குகளில் ஒரு கடல் நத்தை இருக்கிறது. ஓடு காது மடல் மாதிரி. இந்த ஊர்க்காரர் அதைச் சான் பியேத்ரோவின் காது என்பார்கள். சான் பியேத்ரோ என்றால் எங்கள் இராயப்பர், இயேசுவைப் பிடிக்க வந்தவனின் காதை வெட்டின பேதுரு. "இராயப்பர் வெட்டின காது எண்டெல்லோ சொல்லவேணும்," என்று சிரிப்பாள்.

அந்த நத்தைக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். இப்போதெல்லாம் கோடையில் கடல் சுடுகஞ்சி மாதிரி இருக்கிறது. பிடி தளர்ந்து விழுந்து செத்துப்போகின்றன. தப்பினதை உணவகக்காரர் விடுவதில்லை. ஒரேயொரு இடுக்கில் மட்டும், அடியில் குளிர் ஊற்று இருந்தபடியால், கொஞ்சம் உயிரோடு இருந்தன; அவற்றைப் பார்க்கத்தான் அவள் போவாள். கள்ளி, எனக்குக்கூட அந்த இடத்தைக் காட்டவில்லை.

போன ஆடியில் அவளுக்கு வயிற்றில் சத்திரசிகிச்சை. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் தம்பி பிறின்ஸை மட்டும் கூட்டிப்போய்க் காட்டி, பார்த்துக்கொள் என்றாள். அவன் மாதாமேல் சத்தியம் பண்ணினான். பாழாய்ப்போவான்! உணவகமொன்றில் கோப்பை கழுவுகிற அவனுக்கு வேலை ஒப்பந்தம் இல்லாமல் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி இழுபட்டுக்கொண்டிருந்தது. அவனுடைய முதலாளியோ மகளின் கலியாண விருந்துக்கு இந்த நத்தையைத் தேடித் திரிந்தார். பிறகென்ன, வேலியே பயிரை மேய்ந்தது.

வீடு திரும்பியவளிடம் ஒப்பந்தம் கிடைத்த சந்தோசத்தில் அவனே எல்லாவற்றையும் சொன்னான். எப்படியும் சூட்டில் சாகப்போகிறவைதானே என்றான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்குக் கை துருதுருத்தது. அவள் கத்தவில்லை.

"இராயப்பர் இயேசுவையே மூண்டுதரம் தெரியாது எண்டு சொன்னவர்," என்றாள். "உனக்கு ஒருக்காச் சொல்ல வாய் வரேல்லையோ?"

அவன் முகம் கறுத்தது. முதலாளி சின்னதுகளையும் கத்தியால் கிளப்பினாராம்; அளவு போதாதென்று அதே பாறையில் திருப்பி ஒட்டிவிட்டாராம். பெரிய தர்மவான்! அதைக் கேட்டதும்தான் அவள் எழும்பினாள். தையல் காயாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள், நானும் கூடப்போனேன். அந்த நத்தைக்கு இரத்தம் உறையாதாம், கத்தி கீறினால் வடிந்து வடிந்தே சாகுமாம். வழியில் அதை மட்டும் சொன்னாள். இடுக்கில் வெறும் ஓடுகள் கவிழ்ந்து கிடந்தன. பாறையில் ஒன்றுகூட இல்லை.

இப்போதும் பூசைக்கு வந்தால் பிறின்ஸ் சின்னதுகள் வளருகின்றனவா என்று கேட்பான். ஓம் என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனுக்கு உறைக்கிற மாதிரி உண்மையைச் சொன்னால் என்ன என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஒரு உண்மையை அவனுக்குச் சொன்னனான்தானே, அந்த இடுக்கு எங்க எண்டு," என்றாள். "இனி ஒண்டும் சொல்லமாட்டன்."